சொந்த மரத்தில் ஒரு கொட்டகை: வாசகர் கேள்விகளுக்குத் தச்சரின் பதில்கள்

*கொல்லையில் 40 வருட வேம்பு ஒன்றும் பூவரசு ஒன்றும் நிற்கின்றன. வேம்பின் வேர் வீட்டுக் கடைக்காலை நெருங்கிவிட்டது. பூவரசும் சாய்ந்துகொண்டே வருகிறது. இரண்டையும் எடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம். வியாபாரி கேட்பது விறகு விலைக்கு. அதைவிட நானே அறுத்து, பின்பக்கம் 15 அடிக்கு 10 அடியில், தளவாடங்கள் வைக்க ஒரு தகரக் கொட்டகை போட்டால் என்ன என்று தோன்றுகிறது. வேம்பின் அடிமரம் 11 அடி நீளம், நடுச்சுற்றளவு 60 அங்குலம். அதன் பெருங்கிளை 7 அடி, சுற்றளவு 36. பூவரசு 8 அடி, சுற்றளவு 44. போதுமா? எங்கிருந்து தொடங்குவது?*
*– வாசகர், ஒரத்தநாடு*

விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள் ஐயா. 40 வருட வேம்பு கரையான் எளிதில் தொடாத மரம். பூவரசின் வைரம், அதாவது கெட்டியான நடுமரம், தண்ணீருக்கு அஞ்சாதது. கடலோரத்தில் படகுக்கும் நம் பக்கத்தில் வண்டிக்கும் அதைத் தேடி வாங்கியவர்கள் உண்டு. இரண்டும் அடுப்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

முதலில் கணக்கு. மரவாடியில் உருட்டுக் கட்டையை அளப்பது இப்படி: சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. உங்கள் வேம்பின் சுற்றளவு 60. கால் பங்கு 15. 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. அதை 11 அடியால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 17 கன அடிக்குச் சற்று மேல். கிளையில் கிட்டத்தட்ட 4. பூவரசில் 6¾-க்குச் சற்றுக் குறைவு. ஆக மொத்தம் 28 கன அடிக்கு நெருக்கம். இதில் பட்டை, வெள்ளை (பட்டைக்கு அடுத்து வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளுத்த மரம்), மரத்தூள், கோணல் எல்லாம் போகும். நான் அறுத்துப் பார்த்தவரையில் இந்த அளவில் 10 கன அடிக்கு 6 கன அடி சட்டமும் பலகையும் தேறும். உங்களுக்கு 16½ கன அடி வரும் என்று வையுங்கள்.

கொட்டகைக்கு வேண்டியது என்ன? ஆறு தூண்களையும் மரத்திலேயே போட்டால் அதற்கு மட்டும் 8 கன அடி போய்விடும். மரத்தூண் முதலில் கெடும் இடமும் மண்ணை ஒட்டிய அந்த ஒரு சாண்தான். ஆகையால் கல்தூண் வாங்கி நடுங்கள். மிச்சத்தைப் பார்ப்போம். நீளவாக்கில் தூண்கள்மேல் கிடக்கும் விட்டம் 5 அங்குலத்துக்கு 3, எட்டடி நீளத்தில் நான்கு: 3⅓ கன அடி. குறுக்கு விட்டம் அதே கனத்தில் பத்தரை அடியில் மூன்று: 3¼. கூரைச் சரிவைத் தாங்கும் கைமரம் 4-க்கு 2, ஏழடியில் பதினான்கு: ஏறக்குறைய 5½. இந்த 12 கன அடியும் வேம்பிலேயே கிடைத்துவிடும். பூவரசைக் கூரை உச்சியில் ஓடும் மோட்டுவளைக்கும் கதவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தகரத்தை முடுக்க வேண்டிய வரிச்சை மட்டும் வெளியில் வாங்குங்கள். குறுக்கு விட்டத்துக்குப் பத்தரை அடி வேண்டும் என்பதால், வேம்பின் அடிமரத்தை ஆள் வந்ததும் ஏழடி ஏழடியாகத் துண்டு போட்டுவிடக் கூடாது. இந்தப் பட்டியலைத் தாளில் எழுதி, மரம் வெட்டுகிறவர் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். எந்தச் சட்டம் எங்கே போகும் என்று தெரியாமல் அறுத்த மரம் பாதிக்குமேல் வீணாவதை நாற்பது வருடமாகப் பார்த்துவருகிறேன்.

பட்டா நிலத்து மரம்தான் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மில்லுக்கு ஏற்றுங்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால், அல்லது மலைப்பகுதி என்றால், வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்துக்குள் இரும்பு இருக்கும். கொடிக்கயிறு கட்டிய ஆணி, மாட்டுச் சங்கிலியின் வளையம், என்றோ விளம்பரத் தகடு அடித்த ஆணி எல்லாவற்றையும் மரம் தின்று மூடிவிடுகிறது. ஒருமுறை வேம்பு ஒன்றை மேடையில் ஏற்றி மூன்றாவது பலகை போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ரம்பத்தின் சத்தம் கிறீச்சென்று மாறியது, பொறி பறந்தது, நாடா போல் சுற்றும் பட்டை ரம்பம் அறுந்து காப்புத் தகட்டில் மோதி நின்றது. யாருக்கும் காயம் இல்லை என்பது அந்த நாளின் புண்ணியம். பிளந்து பார்த்தால் நான்கு அங்குல ஆழத்தில், முழு மரத்துக்கு உள்ளே, வளைந்த கொக்கி ஒன்று. அந்த வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, தான் மருமகளாக வந்த வருடம் துணி காயவைக்க மாமனார் அடித்துக் கொடுத்த கொக்கி அது என்றார். அன்றிலிருந்து வெட்டுமுகத்தைத் தண்ணீர்விட்டுக் கழுவித்தான் பார்ப்பேன். இரும்பு கிடக்கும் இடத்துக்கு மேலும் கீழும் மரம் நீலம் கலந்த கருப்பாகக் கறை பிடித்திருக்கும். அந்தக் கறை கண்ணில் பட்டால் மில்காரரிடம் மறைக்காதீர்கள். ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மரம் வெட்டுவது ஒரு நாள் வேலை, அறுப்பது அரை நாள் வேலை. மரம் கெடுவதும் நிலைப்பதும் அதற்குப் பிறகு வரும் மாதங்களில்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் வீட்டு வேம்பு மாட்டுக்கொட்டகை மேலேயே விழுந்தது. ஊரெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. மின்சாரம் வர வாரக்கணக்கானது, மில் ஓடவில்லை. மின்சாரம் வந்ததும் கூட்டமாக எல்லோரும் கட்டையைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். எங்கள் வேம்பை ஒரே மாலையில் அறுத்தோம். இருட்டிவிட்டது, எல்லோருக்கும் களைப்பு. முதல் வண்டிப் பலகையைக் குச்சி வைத்து ஒழுங்காக அட்டியாக அடுக்கினேன். இரண்டாவது வண்டிப் பலகையை 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் போட்டுவிட்டேன். மறுநாள் மழை. அடுத்த நாள் வேறு யார் வீட்டுக் கூரையோ. எட்டாம் நாள் பிரித்துப் பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பூஞ்சை கருப்பு மையாகப் படர்ந்திருந்தது, கையில் ஈரம் பிசுபிசுத்தது. பிறகு அதைக் காயவைத்தபோது ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. ஒரே மரம், ஒரே நாள், ஒரே ரம்பம். முதல் அட்டி இன்று எங்கள் கொட்டகையின் கைமரமாக இருக்கிறது. இரண்டாவது அடுப்புக்குப் போயிற்று. இன்றைக்கும் அந்த இழப்பு என் மனத்தில் கிடக்கிறது.

ஆகவே அறுத்த அன்றே அடுக்குங்கள். மண்ணிலிருந்து ஓரடி உயரத்தில், இரண்டடிக்கு ஒன்றாக, செங்கல்லோ சிமெண்டுக் கல்லோ வைத்து மேல்மட்டம் பாருங்கள். அடித்தளம் கோணினால் மரமும் அந்தக் கோணலோடு காய்ந்துபோகும். ஒரு வரிசை பலகை வைத்து, ஓரங்குலக் கனத்தில் காய்ந்த குச்சிகளைக் குறுக்கே வைத்து, மேலே அடுத்த வரிசை. கீழ்க்குச்சிக்கு நேர் மேலே அடுத்த குச்சி வர வேண்டும். தள்ளி வைத்தால் அந்த இடத்தில் பலகை தொய்யும். பலகைகளுக்கு இடையில் பக்கவாட்டிலும் விரல் நுழையும் இடம் விடுங்கள். நிழல் வேண்டும், காற்று வேண்டும், நேர் வெயில் கூடாது. மேலே தகரம் போட்டு, அதன்மேல் கல் ஏற்றுங்கள். அந்தக் கனம்தான் மேல்வரிசையை நெளியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெட்டுமுகங்களுக்கு மட்டும் பழைய பெயிண்ட் பூசிவிடுங்கள். எங்கள் அப்பா சாணத்தையும் செம்மண்ணையும் குழைத்து அப்புவார், காரியம் ஒன்றுதான். நுனி வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் நுனியில் வெடிக்கிறது.

எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். அட்டியின் நடுவில் ஒரு சிறு துண்டை உருவி எடுக்கும்படி வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை வீட்டுத் தராசில் நிறுத்துத் தேதியோடு எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வரும். இரண்டு முறை தொடர்ந்து அதே எடை வந்தால் நம் ஊர்க் காற்றுக்கு அது ஒத்துப்போய்விட்டது. ஓரங்குலப் பலகை மூன்று நான்கு மாதத்தில் வரும். மூன்று அங்குல விட்டத்துக்கு ஒரு வருடம்கூட ஆகும். விட்டத்தையும் கைமரத்தையும் மூன்று மாதத்தில் ஏற்றிவிடலாம், கொஞ்சம் சுருங்கினாலும் கூரைக்குக் கெடுதல் இல்லை. கதவுக்கு அவசரப்படக் கூடாது. ஈரக் கதவு முதல் கோடையிலேயே நிலையிலிருந்து விலகி நிற்கும்.

*எங்கள் தோப்பில் வாடல் நோய் வந்த தென்னைகளை வெட்டிவிட்டோம். அந்தக் கட்டைகளை அறுத்துக் கொட்டகை போடலாமா? எல்லோரும் தென்னை மரமே ஆகாது என்கிறார்கள்.*
*– வாசகி, ஆனைமலை*

ஆகும் அம்மா, ஆனால் எந்தப் பகுதி என்று பார்த்து எடுக்க வேண்டும். வேம்பில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையில் அப்படியே தலைகீழ்: பட்டையை ஒட்டிய வெளிப்பகுதிதான் கெட்டி, நடுவில் இருப்பது வெறும் சோறு. அடியிலிருந்து மேலே போகப்போகக் கெட்டிப்பகுதி மெலிந்துவிடும். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: கரும்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடம் சட்டத்துக்கு உதவும், புள்ளி விலகி வெளுத்த இடம் உதவாது. கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் ஒதுக்கிவிடுங்கள். வயதான மரம்தான் வேண்டும். இளம் தென்னையை அறுக்கும் கூலி வீண்.

மரத்தில் மணல்சத்து இருப்பதால் ரம்பத்தின் பல் சீக்கிரம் மழுங்கும். அறுப்புக் கூலி கூடுதலாகக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. கூரைக்கு நன்றாக உழைக்கும். மண்ணில் நடாதீர்கள், மழை நேரடியாகப் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. அறுக்காத கட்டைகளைத் தோப்பிலேயே போட்டு வைத்திருக்கிறீர்களா? மட்கும் தென்னைக் கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். நிற்கிற மரங்களின் குருத்துக்கு அதுதான் எமன். வேண்டியதை அறுத்துக்கொண்டு மிச்சத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

*போன வருடம் எங்கள் மாமரத்தை அறுத்து, பலகையாக்கி, அலமாரிக்கு என்று வைத்திருந்தேன். நீங்கள் முன்பு எழுதியபடி குச்சி வைத்துத்தான் அடுக்கினோம். இப்போது குண்டூசி முனை அளவில் துளைகள். தட்டினால் மாவு மாதிரி கொட்டுகிறது.*
*– வாசகி, காரைக்குடி*

இதற்கு நான் முன்பே எச்சரிக்கை எழுதியிருக்க வேண்டும் அம்மா. குச்சி வைத்து அடுக்குவது பூஞ்சைக்கும் கோணலுக்கும்தான் தடை. உளுக்கிற வண்டுக்கு அது தடையில்லை. மாமரத்தில் பெரும்பகுதி வெள்ளை. அந்த வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது. இலவம், ரப்பர், மூங்கில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட மரத்தை அறுத்த ஈரத்தோடு மருந்தில் முக்கிவிட வேண்டும். 20 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 700 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 500 கிராம் போரிக் அமிலம். முழுவதும் கரைந்ததும் பலகையைச் சில நிமிடம் முக்கி எடுத்து, ஈரம் போகாமல் தார்ப்பாயால் நன்றாக மூடி மூன்று வாரம் வையுங்கள். பலகைக்குள் இருக்கும் ஈரம் வழியாகவே மருந்து உள்ளே இறங்கும். பிறகு பிரித்து, குச்சி வைத்து அடுக்கிக் காயவையுங்கள். காய்ந்த மரத்தில் இவ்வளவு ஆழம் இறங்காது. கையுறை போடுங்கள், குழந்தைகளும் மாடும் அந்தத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. மழையில் நனையும் இடத்துக்கு இந்த மருந்து ஆகாது, தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும். அலமாரிக்கு, கூரைக்கு அடியில் இருக்கும் சட்டத்துக்கு நல்லது.

உங்கள் பலகைகளில் துளை நெருங்கியிருப்பவற்றை எரித்துவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் நல்லதற்கும் பரவும். ஒன்றிரண்டு துளை மட்டும் உள்ளவற்றை இழைத்துவிட்டு, அதே கரைசலைச் சூடாக இரண்டு மூன்று தடவை பூசி, ஒரு மழைக்காலம் தனியாக வைத்துப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டாவிட்டால் பயன்படுத்தலாம்.

*பனை இரண்டை வெட்டிக் கைமரம் எடுக்கலாமா?*
*– வாசகர், சாயல்குடி*

மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று தமிழக அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டது. என் மனத்துக்கும் அதுவே சரி. நிற்கிற பனையை விட்டுவிடுங்கள். பழைய வீடு பிரிக்கிற இடங்களில் பனஞ்சட்டம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் அதை ரம்பத்தில் அறுக்கவில்லை. ஆப்பு வைத்துப் பிளந்து, சோற்றை வாய்ச்சியால் செதுக்கி எடுத்தார்கள். நார் அறுபடாததால்தான் அது இரும்பு மாதிரி நிற்கிறது. கரும்பகுதி கெட்டியாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

*மில்லுக்கு ஏற்றிப்போக வண்டிக்கூலி அதிகம். செயின் ரம்பம் வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே பலகை அறுத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அனுபவம் இல்லை.*
*– வாசகர், திருமயம்*

தம்பி, அனுபவம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சங்கிலியின் மூக்கு நுனி மரத்தில் இடித்தால், ரம்பம் முகத்தை நோக்கித் திரும்பி வரும் வேகத்தைக் கையால் நிறுத்த முடியாது. புயலில் சாய்ந்த மரம் இன்னும் ஆபத்து. வில் மாதிரி வளைந்து நிற்கும் கிளையைத் தவறான பக்கத்தில் வெட்டினால் சுண்டி அடிக்கும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

கூலிக் கணக்கையும் பாருங்கள். பட்டை ரம்பம் ஒரு வாயில் 2, 3 மில்லிமீட்டர் மரத்தைத்தான் தூளாக்கும். செயின் ரம்பம் 8 மில்லிமீட்டர் தின்னும். மூன்று முறை ஓட்டினால் ஓரங்குலப் பலகை ஒன்று தூளாகத் தரையில் கிடக்கும். விட்டம், தூண் போன்ற பெரிய துண்டுகளைச் சதுரம் போட மட்டும் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். பலகையை மில்லில் அறுங்கள். பக்கத்து வீட்டுக் கட்டையையும் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றினால் கூலி பாதியாகிவிடும்.

*எங்கள் ஊர்க் குளம் தூர் வாரியபோது, தாத்தா ஊறப்போட்டிருந்த பூவரசங்கட்டை இரண்டு கிடைத்தன. 20 வருடத்துக்கு மேல் சேற்றில் கிடந்தவை. அழுகியிருக்கும், எரிக்கலாம் என்கிறார் அப்பா.*
*– வாசகர், திருத்துறைப்பூண்டி*

எரிக்காதீர்கள்! உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உடனே கிளம்பி வந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது. தண்ணீருக்குள் முழுக மூழ்கிய மரத்துக்குக் காற்று கிடைக்காது. காற்று இல்லாத இடத்தில் பூஞ்சையும் வண்டும் பிழைக்காது. மாவுச்சத்தும் ஊறி வெளியேறியிருக்கும். நனைவதும் காய்வதுமாகக் கிடக்கிற மரம்தான் அழுகும். உங்கள் தாத்தா மரம் தெரிந்தவர்.

வெளியே எடுத்துவிட்டீர்களா? அப்படியானால் அதற்கு இப்போதுதான் ஆபத்து. வெயிலில் போட்டால் ஒரே வாரத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரச் சாக்கால் மூடி, தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், மில்லுக்கு ஏற்றும்வரை. மேலே ஓரங்குலம் மிருதுவாக, கருத்துப்போயிருக்கலாம். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். முதல் பலகை கழிந்ததும் உள்ளே சாக்லேட் நிறத்தில் வைரம் தெரியும். அந்த வாசனையே சொல்லிவிடும். ஒன்றேகால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள், சுருங்கினாலும் ஓரங்குலம் மிஞ்சும். காயவைக்கும் அட்டியை முதல் மாதம் காற்று அதிகம் அடிக்காத மூலையில் போட்டு, மூன்று பக்கமும் சாக்குக் கட்டுங்கள். இரண்டாம் மாதம் ஒரு பக்கச் சாக்கை அவிழ்க்கலாம். அப்பாவையும் மில்லுக்கு அழைத்துப்போங்கள். முதல் பலகை விழும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும்.